ஏழாம் பெட்டி

முதல் மழை பெய்த பத்தாம் நாள் காப்பி பூத்துவிட்டது. முந்தின நாள் சாயங்காலம் வரை பச்சையாகக் கிடந்த மூன்று ஏக்கரும் விடிந்து பார்த்தால் வெள்ளை. கிளைக்குக் கிளை பஞ்சைப் பிய்த்து ஒட்டிவைத்த மாதிரி கொத்துக் கொத்தாகப் பூ. இந்தப் பூவுக்கு ஆயுசு மூன்றே நாள். தேனீக்களுக்கு அது தெரியும். வெளிச்சம் வந்ததுமே பன்னிரண்டு பெட்டிகளின் வாசலிலும் முண்டியடித்துக்கொண்டிருந்தன.

பெரியவள் ஒவ்வொரு பெட்டியாகக் குனிந்து, தாங்குகால்களுக்கு அடியில் இருந்த கிண்ணங்களில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு போனாள். தண்ணீர் வற்றினால் எறும்பு ஏறிவிடும். கை அதன் பாட்டுக்கு வேலை செய்தது. மனசுதான் அங்கே இல்லை.

கடிதத்தைக் காணோம்.

காப்பி விவசாயிகள் சங்கத்திலிருந்து வந்த கடிதம் அது. காப்பியை மட்டும் நம்பினால் சின்னத் தோட்டக்காரனுக்கு வயிறு நிறையாது. செடிகளுக்கு நடுவே தேன்பெட்டி வைத்தால் தேனும் கிடைக்கும், காயும் கூடுதலாகப் பிடிக்கும். இதை ஊர் ஊராகப் போய்ச் சொல்லித்தர சங்கம் ஒரு பயிற்சியாளரைத் தேடியது. பன்னிரண்டு பெட்டிகள் உள்ள இந்தத் தோட்டத்தைப் பார்க்க வியாழக்கிழமை காலை அதிகாரி வருவதாக, யார் பேரும் போடாமல் தோட்டத்து முகவரிக்கு எழுதியிருந்தார்கள். தேர்வானால் மாதச் சம்பளமும் தங்க ஓர் அறையும்.

தங்க ஓர் அறை. அந்த வரியை அவள் எத்தனை தடவை படித்தாள் என்று கணக்கில்லை. எட்டு வருடம் புகுந்த வீட்டில் இருந்துவிட்டு ஒரே ஒரு பையோடு திரும்பி வந்தவளுக்கு, பிறந்த வீட்டில் கிடைத்தது காப்பி மூட்டை அடுக்கும் அறையில் ஒரு மூலை. இரண்டு மூட்டைகளுக்கு நடுவே பாய். அந்த மூலையில் துணி மடிப்புக்குள் ஒளித்து வைத்த கடிதத்தைத்தான் நேற்றிலிருந்து காணவில்லை.

இன்று வியாழக்கிழமை.

“அண்ணி!”

தம்பி மனைவி பத்தடி தள்ளி நின்று கூப்பிட்டாள். போன மாதம் ஏழாம் பெட்டித் தேனீ ஒன்று கண்ணிமையில் கொட்டியதிலிருந்து அவள் இந்தப் பக்கம் நெருங்குவதில்லை.

“மாமா கூப்பிடுறாரு. உடனே வரணுமாம்.”

“எதுக்கு?”

“எனக்கு என்ன தெரியும்?” என்று சொல்லிவிட்டு அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தெரியும் என்பது அதிலேயே தெரிந்தது.

*

கூடத்தில் அப்பா கைத்தடியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இடுப்பெலும்பு முறிந்து இரண்டு வருடம் ஆகிறது. தடி இல்லாமல் நாலு அடி வைக்க முடியாது. ஆனால் குரல் மட்டும் முறியவே இல்லை.

பக்கத்தில் தம்பி சின்னவன். குளித்து, படிய வாரி, புதுக் கறுப்பு ஸ்வெட்டர் போட்டிருந்தான். அறை முழுக்க சென்ட் வாசனை. அவன் எதிரே மேஜையில், பெட்டி திறக்கும்போது அவள் போட்டுக்கொள்ளும் முகவலையும் அவளுடைய நோட்டும் இருந்தன. நோட்டின் மேல் அந்தக் கடிதம்.

“இன்னிக்கு வர்ற ஆபீசர்கிட்ட சின்னவன் பேசுவான்” என்றார் அப்பா.

“அவன் என்னப்பா பேசுவான்?”

“பெட்டி வச்சதப் பத்தி. வேற என்னத்த?”

“வச்சது நான்.”

“வச்ச எடம் யாரோடது?”

சின்னவன் சிரித்தபடி குறுக்கே வந்தான்.

“அக்கா, கோவிச்சுக்காத. பேரு என்னோடதா இருக்கட்டும். வேலைய நீ எப்பவும்போல பாத்துக்க. ஊர் ஊரா ஒரு பொம்பளை தனியா அலைய முடியுமா, நீயே சொல்லு?”

“முடியும்.”

“முடியும்தான். அதனாலதான அத்தான் உன்னை வீட்டுல வச்சுக்கல.”

சமையலறையில் பாத்திரம் துலக்கும் சத்தம் நின்றது.

பெரியவள் அப்பாவைப் பார்த்தாள். அவர் மகனை ஒரு வார்த்தை கண்டிப்பார் என்று இந்த வயதிலும் ஓர் ஆசை. அவர் கண்டிக்கவில்லை. அதட்டக்கூட இல்லை. மழை வருமா என்று கேட்கிற குரலில் சொன்னார்.

“எட்டு வருஷம். ஒரு புள்ள பெத்துக் குடுக்க முடியல. வாழத் தெரியாம வந்து நின்ன. நான் தொரத்தல, சோறு போட்டேன். ஈ வளத்துட்டா எல்லாம் சரியாப் போச்சுன்னு ஆயிடுமா? நாலு பேர் முன்னால உன்னை என் பொண்ணுன்னு காட்டவே எனக்குக் கூசுது.”

அவள் அழவில்லை. அழுதிருந்தால் நல்லது என்று அன்று சாயங்காலம் அவளுக்கே தோன்றப்போகிறது.

“அவனுக்கு ஒண்ணும் தெரியாதேப்பா” என்றாள்.

“சொல்லிக்குடு. அந்த ஆளு வர இன்னும் ஒன்றரை மணி நேரம் இருக்கு.”

*

பின்வாசல் படியில் வைத்துச் சொல்லிக்கொடுத்தாள்.

ஒரு பெட்டிக்கு ஒரு ராணி. கீழறையில் குஞ்சுகள், மேலறையில் தேன். குஞ்சறையைத் தொடக்கூடாது. புகைக்குடுவையில் காய்ந்த உமியைப் பற்றவைத்து, வாசலில் நாலு தடவை ஊதிவிட்டு, மூடியைத் தூக்க வேண்டும். அடை கட்டியிருக்கும் மரச்சட்டத்தை நேராக மேலே இழுக்க வேண்டும். சாய்த்தால் அடை ஒடிந்துவிடும்.

சின்னவன் ஒரு கண்ணைப் போனில் வைத்துக்கொண்டு தலையாட்டினான். நோட்டைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. நாலு வருடமாக ஒவ்வொரு பெட்டியையும் பற்றி அவள் எழுதிவைத்த நோட்டு அது.

“எந்தப் பெட்டியத் தொறந்து காட்டட்டும்?”

மூன்றாம் பெட்டி பசுமாடு மாதிரி. வெறும் கையை உள்ளே விட்டாலும் ஒன்றும் செய்யாது. ஐந்தும் ஒன்பதும்கூடப் பரவாயில்லை. ஏழு அப்படியில்லை. அதன் ராணியை மாற்றினால்தான் கூட்டம் அடங்கும் என்று இரண்டு மாதமாக நினைத்துக்கொண்டிருக்கிறாள். முகவலை போட்டுக்கொண்டு அவள் போனாலே மூக்கு நுனிக்கு நேராக வந்து நின்று மிரட்டும் கூட்டம் அது.

“ஏழாம் பெட்டி” என்றாள். “அதுலதான் தேன் அதிகம்.”

பொய் இல்லை. அந்த முரட்டுக் கூட்டம்தான் எல்லாவற்றையும்விட அதிகமாகத் தேன் சேர்த்திருந்தது.

“அவ்ளோதான?”

“அவ்ளோதான்.”

கறுப்புத் துணியைக் கண்டால் தேனீக்கு ஆகாது என்று அவள் சொல்லவில்லை. சென்ட் வாசனைக்கு வெறிபிடிக்கும் என்றும் சொல்லவில்லை. வானத்தைப் பார்த்தாள். கிழக்கே மேகம் மூடிக்கொண்டு வந்தது. மேகம் போட்ட நாளில் சாதுவான பெட்டிகூட எரிச்சலோடுதான் இருக்கும். அதையும் சொல்லவில்லை.

நாலு கொட்டு வாங்கட்டும். அந்தப் புது ஸ்வெட்டரோடு ஆபீசர் முன்னால் குதிக்கட்டும். அவள் நினைத்தது அவ்வளவுதான்.

சமையலறை ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நின்றிருந்த பாத்திரச் சத்தம் மறுபடி ஆரம்பித்தது.

*

ஜீப்பிலிருந்து இறங்கியது ஒரு பெண். ஐம்பது வயது இருக்கும். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், நரைத்த முடியை ஏறக் கட்டின கொண்டை. அப்பாவின் முகம் ஒரு கணம் கோணி, பிறகு நேரானது.

“பெட்டி யாரோடது?” என்றுதான் அந்த அம்மா ஆரம்பித்தார்.

“என் பையனோடதுங்க. நாலு வருஷமா ராப்பகலா உழைக்கிறான். எல்லாம் அவன் கைவண்ணம்.”

சின்னவன் முகவலையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வணக்கம் சொன்னான். நோட்டை நீட்டினான். அதிகாரி அதை வாங்கிக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

“இவங்க?”

“மூத்த பொண்ணு. வீட்டோட இருக்கா. அடுப்படி வேலை பாத்துக்குறா.”

அதிகாரியின் பார்வை பெரியவளின் விரல்களில் நின்றது. நகக்கண்களில் மெழுகு. புறங்கையில் பழைய கொட்டுத் தழும்புகள். ஒன்றும் கேட்காமல் “வாங்க, பாக்கலாம்” என்று நடந்தார்.

பெரியவள் எதிர்பார்க்காத ஒன்று அப்போது நடந்தது.

“எனக்கும் ஒரு நாற்காலி கொண்டாங்க” என்றார் அப்பா. “என் பையன் பெட்டி தொறக்குறத நான் பாக்க வேண்டாமா?”

இரண்டு வருடமாகத் தோட்டத்துக்குள் இறங்காத மனிதர் மகனின் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். ஏழாம் பெட்டிக்கு ஆறடி தூரத்தில் நாற்காலி போட்டார்கள். அவர் தடியை ஊன்றிக்கொண்டு, போட்டோவுக்கு உட்காருகிறவர் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

பெரியவள் நாற்காலிக்குப் பக்கத்தில் போனாள்.

“அப்பா, நாற்காலிய மேல போட்டுக்கலாமே. இங்க சரிவா இருக்கு.”

“எனக்கு எங்க உக்காரணும்னு தெரியும்.”

“இல்லப்பா, பூச்சி ரொம்ப...”

“உன்னை யாரு இங்க கூப்பிட்டா?” அதிகாரிக்குக் கேட்கட்டும் என்றே அவர் உரக்கச் சொன்னார். “வந்தவங்களுக்குக் காப்பி போடத் துப்பில்ல, பேச வந்துட்டா. போ உள்ள.”

ஒரு வாக்கியம் போதும். அந்தப் பெட்டி வேண்டாம், மூன்றாம் பெட்டியைத் திற. நாக்கு நுனி வரை வந்தது.

அவள் உள்ளே போனாள்.

அடுப்பில் தண்ணீர் வைத்தாள். தம்பி மனைவி நாலு தம்ளர்களை எடுத்து வரிசையாக வைத்தாள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. தண்ணீர் முணுமுணுக்க ஆரம்பித்தது. கொதிக்கவில்லை.

அதற்குள் அலறல்.

*

அவள் ஓடிப்போய்ப் பார்த்தபோது சின்னவன் அங்கே இல்லை. தேனோடு கனத்த சட்டத்தை நேராக அப்பாவின் காலடியில் போட்டுவிட்டு, காப்பிச் செடிகளைப் பிளந்துகொண்டு ஓடிக்கொண்டிருந்தான். முகவலை அவன் தலையோடு போய்விட்டது.

“அசையாதீங்க! தடிய வீசாதீங்க!” என்று அதிகாரி கத்திக்கொண்டிருந்தார்.

அப்பாவுக்குக் கேட்கவில்லை. ஒரு கையால் முகத்தை மூடி, மறுகையால் தடியை வீசினார். வீச வீசத் தேனீக்கள் அந்தக் கையையே மொய்த்தன. எழுந்திருக்கப் பார்த்தார். இடுப்பு எழ விடவில்லை. நாற்காலியோடு பக்கவாட்டில் சாய்ந்தார்.

காப்பிக் களத்தில் ஈரத்தோடு கிடந்த இரண்டு சாக்குகளை வாரிக்கொண்டு பெரியவள் நுழைந்தாள். அப்பாவின் தலை மேல் ஒன்று, உடம்பு மேல் ஒன்று. அதற்கும் மேலே தன்னைப் போட்டு மூடினாள். கழுத்தில், காதுமடலில், உதட்டில் கொட்டியது. சாக்குக்குள் அவர் மூச்சு விசில் மாதிரி இழுத்தது.

“சின்னவனே... சின்னவனே...” என்று கூப்பிட்டார் அவர்.

புகைக்குடுவை கீழே உருண்டு கிடந்தது. அதிகாரி அதை எடுத்து ஊதினார். புகை பரவியதும் இரண்டு பெண்களுமாக அவரைத் தூக்கி ஜீப்பில் கிடத்தினார்கள். பெரியவள் திரும்பி ஓடினாள். விழுந்த சட்டத்தை எடுத்து, ஒட்டியிருந்த தேனீக்களை ஊதிவிட்டு, நேராக உள்ளே இறக்கி, மூடியைப் பொருத்தினாள். வெறும் கை. அரை நிமிஷ வேலை. திறந்து போட்டால் பக்கத்து வீடுகளுக்கும் பறக்கும் என்று கை தானாகச் செய்த காரியம் அது.

நிமிர்ந்தபோது அதிகாரி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

*

ஆஸ்பத்திரியில் நர்ஸ் அப்பாவின் உடம்பிலிருந்து எழுபத்திரண்டு கொடுக்குகளைச் சுரண்டி எடுத்தாள். ஊசி போட்டு, மூக்கில் குழாய் வைத்ததும் மூச்சிரைப்பு கொஞ்சம் தணிந்தது. கண்கள் இருந்த இடமே தெரியாமல் முகம் வீங்கிவிட்டது. உயிருக்கு இப்போதைக்குப் பயமில்லை, நாளைக் காலை வரை பார்க்க வேண்டும் என்றார் டாக்டர்.

சின்னவன் யாரோ ஒருவருடைய பைக்கில் வந்து சேர்ந்தான். தோளில் பை. அவனுக்கு ஒன்பது கொட்டுகள்தான்.

வராந்தா பெஞ்சில் அதிகாரி பக்கத்தில் உட்காரச் சொன்னார். மடியில் அவளுடைய நோட்டு விரித்தபடி இருந்தது.

“கையெழுத்து உங்களோடதுதான?”

“ஆமா.”

“பெட்டி உங்க தம்பியோடது இல்லன்னு உங்க கையப் பாத்தப்பவே தெரிஞ்சுடுச்சு. மேல தேடவே வேண்டாம், ஆள் கெடச்சாச்சுன்னு நெனச்சேன்.” அவர் ஒரு பக்கத்தில் விரல் வைத்தார். “‘ஏழு. முரட்டுக் கூட்டம். வேறு யாரையும் நெருங்க விடக்கூடாது.’ ரெண்டு மாசம் முன்னால எழுதியிருக்கீங்க. அத தொறக்கச் சொன்னது யாரு?”

‘அவனேதான் தேர்ந்தெடுத்தான்’ என்று சொல்லியிருக்கலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை.

“நான்தான்.”

“தெரிஞ்சேவா?”

“தெரிஞ்சேதான். அப்பா வந்து உக்காருவார்னு தெரியாது.”

“உக்காந்த பெறகு தெரியும் இல்ல?”

பெரியவள் உதட்டைத் தொட்டுப் பார்த்தாள். மரத்துப்போய், வேறு யாருடையதோ போல இருந்தது.

“அவர் உங்களை என்ன சொன்னாருன்னு என் காதுலயும் விழுந்துச்சு” என்றார் அதிகாரி. “பெத்தவங்க அப்படிப் பேசினா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாம இல்ல. ஆனா ஒண்ணு யோசிங்க. ஒண்ணுமே தெரியாதவங்க உங்க வார்த்தைய நம்பிப் பெட்டிக்குள்ள கைய விடுவாங்க. அவங்கள்ல எரிச்சலூட்டுறவன் இருப்பான், அவமானப்படுத்துறவன் இருப்பான். அன்னிக்கும் நீங்க எதையாவது சொல்லாம விடுவீங்களான்னு நான் எப்படித் தெரிஞ்சுக்கறது?”

நோட்டை மூடி அவள் கையில் கொடுத்தார். வேலை உண்டு என்றோ இல்லை என்றோ சொல்லவில்லை. ஜீப் கிளம்பிப் போகும் வரை அவள் எழுந்திருக்கவும் இல்லை.

உள்ளே அப்பா முனகினார். அவள் போய்க் கையைப் பிடித்தாள்.

“சின்னவனா?”

“நான்தான்ப்பா.”

அந்தக் கை மெல்ல உருவிக்கொண்டது.

“நீ போ அக்கா” என்றான் சின்னவன். குரலில் என்றும் இல்லாத பதவிசு. “நான் பக்கத்துல இருக்கேன். உன்னைப் பாத்தா அவருக்கு இன்னும் ஆத்திரம் ஏறும்.”

*

பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே புகை வாசனை. உமிப் புகை இல்லை. மெழுகும் மண்ணெண்ணெயும் சேர்ந்து கருகும் வாசனை.

வெயில் தாழ்ந்துகொண்டிருந்தது. காப்பிப் பூக்கள் அத்தனையும் அப்படியே இருந்தன. நடுவே பெட்டிகள் இருந்த இடங்களில் பன்னிரண்டு கரிக்குவியல்கள். பூவுக்குப் போயிருந்த தேனீக்கள் திரும்பி வந்து, வாசல் இருந்த உயரத்திலேயே காற்றில் தொங்கிக்கொண்டிருந்தன. இறங்க இடமில்லை. போகவும் தெரியவில்லை. ஆயிரக்கணக்கில் அந்தரத்தில் சுற்றிச் சுற்றி வந்தன.

தம்பி மனைவி கம்பளியைப் போர்த்திக்கொண்டு தென்னங்கீற்றுக் குவியலுக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். முகமெல்லாம் கரி.

“உங்க தம்பி போன் பண்ணாரு” என்றாள். “ஒண்ணு பாக்கியில்லாம கொளுத்துன்னாரு. கொளுத்தலைன்னா வந்து என்னைக் கொளுத்துறேன்னாரு.”

பெரியவள் ஒரு குவியலின் முன் குந்தி உட்கார்ந்தாள். நாலு வருடம். முதல் பெட்டிக்காக அவள் கழற்றிக் கொடுத்தது கடைசி வளையலை.

“மண்ணெண்ணெய் இல்லைன்னு சொல்லியிருக்கலாமே. ஒரு பொய். ஒரே ஒரு பொய் சொல்லியிருக்கலாமே!”

“சொல்லியிருக்கலாம்.” தம்பி மனைவியின் குரல் நடுங்கவில்லை. “நீங்களும் மூணாம் பெட்டின்னு சொல்லியிருக்கலாம், அண்ணி.”

பெரியவள் திரும்பிப் பார்த்தாள்.

“ஜன்னல்கிட்டதான் நின்னுக்கிட்டிருந்தேன். நீங்க ஏழுன்னு சொன்னதும் எனக்குப் புரிஞ்சுபோச்சு. ஒரு வார்த்தை அவர்கிட்ட சொல்லியிருப்பேன். சொல்லல. படட்டும்னுதான் நானும் இருந்தேன். கெழவர் மேல விழும்னு நெனக்கல.”

தலைக்கு மேல் தேனீக்கள் இரைந்துகொண்டிருந்தன.

தம்பி மனைவியின் இடுப்பில் செருகியிருந்த போன் அடித்தது. ஆஸ்பத்திரி நம்பர். அவள் எடுக்காமல் நீட்டினாள். வீங்கின விரலால் அழுத்த முடியாமல் பெரியவள் விரல் முட்டியால் அழுத்தினாள்.

“பெரியவரோட பொண்ணுங்களா?” நர்ஸின் குரல். “கூட இருந்த உங்க தம்பி எங்கங்க? ஒரு மணி நேரமா ஆளைக் காணோம். பெரியவர் தனியா கெடந்து கத்துறாரு.”

“அங்கதானே இருந்தான்?”

“இருந்தாரு. எங்ககிட்டயே மைப்பெட்டி கேட்டு வாங்கி, பத்திரம் மாதிரி ஒண்ண ஆஸ்பத்திரி பேப்பர்னு சொல்லிப் பெரியவர் பெருவிரல நாலஞ்சு எடத்துல அழுத்தி எடுத்துக்கிட்டாரு. எங்க பேப்பர்ல கைரேகையே கேக்கறதில்லைங்க. பெரியவருக்குத்தான் கண்ணு தெரியலையே. இப்ப அவருக்கே சந்தேகம் வந்துடுச்சு. அதுல என்ன எழுதியிருந்துச்சுன்னு பெரியவளைக் கூப்பிட்டுக் கேளுங்கன்னு ஒரே அழுகை. உங்களுக்கு ஏதாவது தெரியுமாங்க?”

பெரியவள் போனைக் காதிலிருந்து இறக்கினாள்.

“அப்பாகிட்ட ஏதோ பேப்பர்ல ரேகை வாங்கியிருக்கானாம்” என்றாள்.

தம்பி மனைவி கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். என்ன பேப்பர் என்று அவள் கேட்கவில்லை.